ஊதாத சங்கு

வெல்டா கிரேக் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டது வயிற்றுப்பாட்டுக்காக என்றுதான் ஆற்றோரத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவளை மணந்து ஒன்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த டெல்மரும் அப்படித்தான் நினைத்தான். அவள் யாரையும் திருத்தவில்லை. மரம் வெட்டுவோருக்கு மலைச்சாலை போட்டுக் கொடுக்கும் குழுவில் இருபத்தோராம் வயதில் சேர்ந்தபோது அவள் ஒருத்திதான் பெண். அந்த ஆற்றங்கரைப் பழங்குடியான கரூக் இனத்தவளும் அவள் ஒருத்திதான். முதல் ஆண்டு முழுவதும் இயந்திரத்துக்கு மசகு பூசவும், சங்கிலித் தடத்தில் சிக்கிய கல்லைத் தட்டி எடுக்கவுமே அவளை விட்டார்கள். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட, அவள் ஏறி அமர்ந்தாள். அதன்பின் நாற்பது ஆண்டுகள் இறங்கவே இல்லை. வடகலிபோர்னிய மலைகளில் அவள் உடைக்காத பாறை குறைவு. ஒவ்வொன்றும் அவளுக்கு ஒத்திகைதான். ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்த அணை என்றேனும் ஒருநாள் உடைபடும். அன்று அதன் தலையில் இறங்கும் பொக்லைன் சுத்தி தன் கையில் இருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணத்தை அவள் டெல்மரிடம்கூடச் சொன்னதில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அண்ணன் போனான். அவன் பெயரை எழுத இயலாது. இறந்தவரின் பெயரை அவருடைய உறவினர் காதில் விழும்படி சொல்வது ஆற்று மக்களிடையே கை நீட்டி அடிப்பதைவிடப் பெரிய குற்றம். வெல்டா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

அது செப்டம்பர் மாதம். அணைக்கு அரை மைல் கீழே அவர்கள் குடும்பத்துக்கு உரிய மீன்பாறை இருந்தது. அணை கட்டிய நாளிலிருந்து சால்மன் மீன்கள் அதைத் தாண்டி மேலே போக முடியாமல் சுவரடியிலேயே முட்டி முட்டி, பாசி நாறும் வெதுவெதுப்பான நீரில் முட்டையோடு செத்தன. முன்பு பாறை ஒன்றுக்கு ஒரு குளிர்காலத்துக்கான மீன் கிடைக்கும். அண்ணன் காலத்தில் ஒரு வாரத்துக்கானது கிடைத்தால் பெரிது. மற்ற நாள்களில் அரசாங்கம் தரும் தகரடப்பா இறைச்சிதான். அந்த ஒரு வாரத்து மீனுக்காக அண்ணன் இரட்டைக் கம்பில் கட்டிய கைவலையைப் பிடித்துக்கொண்டு விடியும் வேளையில் பாறை விளிம்பில் நின்றான். வெல்டா கரையில் அமர்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

நகரங்கள் கண்விழித்து மின்விளக்கைப் போடும் நேரத்தில் அணையின் மதகைத் திறப்பார்கள். திறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு அபாயச் சங்கு ஊத வேண்டும். பாறைகளில் நிற்பவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். அன்று காலை ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் வந்தது. சங்கொலி வரவில்லை. வெல்டா இரண்டாவது மீனின் வயிற்றைக் கீறிவிட்டு நிமிர்ந்தபோது பாறை இருந்த இடத்தில் பாறையே இல்லை. மூன்று நாள் கழித்து ஒன்பது மைல் கீழே அண்ணனை எடுத்தார்கள்.

மதகுக் காவலர் பெயர் ஹார்லண்ட் ஸ்டோபி. சங்கு உரிய நேரத்தில் ஊதப்பட்டது என்றும், இறந்தவர் குடிபோதையில் இருந்ததால் கேட்டிருக்க மாட்டார் என்றும் அவர் எழுதிக் கையெழுத்திட்டார். அண்ணன் சாராயத்தைத் தொட்டவன் அல்லன். அப்பாவைப் பார்த்து வளர்ந்ததே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீர் அவனைக் கொண்டுபோனதை வெல்டா ஒருவேளை காலப்போக்கில் பொறுத்திருப்பாள். அந்த ஒரு வரியை அவளால் பொறுக்க முடியவில்லை.

அணையின் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவும், பின்னர் அணையை அகற்றலாமா என்று கேட்பதற்காகவும் ஆண்டுதோறும் கூட்டங்கள் நடந்தன. வெல்டா ஒவ்வொன்றுக்கும் போனாள். மீனைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எல்லாரும் பேசி முடித்தபின் கையை உயர்த்துவாள். எப்போதும் ஒரே கேள்விதான்.

“அன்னிக்குச் சங்கு ஊதினது யாரு?”

மேசைக்குப் பின்னால் இருப்பவர் கோப்பைப் புரட்டி, அண்ணனின் பெயரை உரக்கப் படித்து, விசாரணை முடிந்துவிட்டது என்பார். முப்பத்தொரு கூட்டங்களில் முப்பத்தொரு முறை அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. ஓய்வு பெற்றபின் ஸ்டோபியும் அந்தக் கூட்டங்களுக்கு வந்தார், அணை நீரோரம் வீடு கட்டியிருந்தவர்களின் சார்பாக. “எங்க ஏரிய எடுத்துட்டா நாங்க எங்கங்க போறது?” என்று அவர் குரல் தழுதழுக்கக் கேட்பார். வெல்டா முதல் வரிசையில் அமர்ந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்றாவது அந்த வாயிலிருந்து அது வெளியே வந்தாக வேண்டும்.

அறுபத்திரண்டாம் வயதில் அவள் காத்திருந்த சுத்தி கைக்கு வந்தது. ஜனவரியில் அணைநீரை வடித்துவிட்டு, கோடையில் சுவரை உடைக்கத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளன் கேரட் வயதில் இளையவன், நல்லவன்.

“வெல்டா, உங்க வயசுக்கு இடது கரையத் தர்றேன். நெழலா இருக்கும். வலது கரையில வெயில் மண்டையப் பொளந்துடும்.”

“எனக்கு வலது கரைதான் வேணும்.”

“அங்க என்ன, பொதையலா வச்சிருக்கீங்க?”

“காட்சி நல்லா இருக்கும்.”

வலது கரையிலிருந்து பார்த்தால் ஸ்டோபியின் வீடு நேர் எதிரே தெரியும். ஒரு காலத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த அவரது படகுத்துறை இப்போது வெடித்துக் கிடந்த சேற்றுக்கு நாற்பதடி மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. மனைவியை இழந்த எண்பத்தெட்டு வயதுக் கிழவர் அதன் நுனியில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். வெல்டா ஒவ்வொரு நாளும் முதல் அடியை அடிப்பதற்குமுன் இயந்திரத்தை நிறுத்திவைத்து அந்த நாற்காலியைப் பார்ப்பாள். கிழவர் வந்து அமர்ந்த பிறகுதான் சுத்தியை இறக்குவாள். அவர் தாமதமாக வந்த நாள்களில் வேலையும் தாமதமாகவே தொடங்கியது. கேரட் முதலில் அதைச் சோம்பல் என்று நினைத்தான். பிறகு அவள் பார்க்கும் திசையில் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

பாதிச் சுவர் போனபோது எல்வுட் வந்தான். வெல்டாவின் சித்தி மகன்; ஐம்பத்தைந்து வயதாகியும் அவளுக்குத் தம்பிதான். பகையாளிகளுக்கிடையே தூது போவது அவன் குடும்பத்து வேலை. தூது போகிறவன் நடந்துதான் போக வேண்டும் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய ஓட்டுநர் உரிமத்தை நவம்பர் வரை முடக்கிவைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும்.

“அக்கா, காப்பி இருக்கா, இல்ல சண்டைக்காரி வீட்டுல தூதுக்காரனுக்குப் பச்சத்தண்ணிதானா?”

“யாருடா உன்னத் தூது அனுப்பினது?”

“ஊரே அனுப்பிச்சுருக்கு. ஆட்டம் வருதுல்ல. அணை போனப்புறம் மொதல் ஆட்டம். உன் பெட்டி தெறக்கணுமாம்.”

இரண்டாண்டுக்கு ஒருமுறை உலகைச் சீர்செய்வதற்காக ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் அணிகலன்களும் ஆட வேண்டும். மரங்கொத்தியின் செந்நிற இறகுகளைத் தைத்த தலைப்பட்டைகள் கிரேக் குடும்பத்தில் ஏழு இருந்தன. ஆற்றங்கரையிலேயே அவைதான் பெரியவை. ஆனால் தீராத பகையுள்ள வீட்டுப் பெட்டியைத் திறந்து ஆடினால் சீராக வேண்டிய உலகம் இன்னும் கோணும். நாற்பத்துமூன்று ஆண்டுகளாக அந்தப் பெட்டி பூட்டியே கிடந்தது.

“என் பகை எங்கடா தீந்துச்சு?” என்றாள் வெல்டா.

“தீத்துக்கோ. அதுக்குத்தான வந்திருக்கேன்.”

“வெள்ளைக்காரனுக்கும் நம்ம சட்டம் உண்டா?”

“ஆத்துத் தண்ணி குடிச்சவன் எல்லாருக்கும் உண்டு. அந்த ஆளு அம்பது வருசமாக் குடிக்கறாரு.” எல்வுட் காப்பியை ஊதினான். “இன்னொண்ணு, அக்கா. அவருக்கு நெஞ்சு சரியில்லயாம். குளிர்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். போயிட்டாருன்னு வை, அப்புறம் அவரு பேரக்கூட நீ வாயால சொல்ல முடியாது.”

வெல்டா இதை யோசித்திருக்கவில்லை. கிழவரின் மகள் கீழூரில் இருக்கிறாள். அவர் இறந்தால், அவள் காதில் விழக்கூடிய எந்த இடத்திலும் வெல்டா அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது. அவளே மதிக்கும் சட்டம் அது. ஒரு கூட்டத்திலும் இனி கை தூக்க முடியாது. கிழவர் சும்மா செத்துப்போவதன் மூலமே வென்றுவிடுவார்.

“போய்க் கேளு,” என்றாள்.

எல்வுட் காய்ந்த அணைத்தரையின் குறுக்கே நடந்து போய், மறுநாள் ஒரு தாளோடு வந்தான். நடந்தவற்றுக்கு வருந்துவதாகத் தட்டச்சு செய்திருந்தது.

“நடந்ததா? எது நடந்துச்சு, தண்ணியா? திருப்பிக் குடு.”

இரண்டாம் முறை போய், கிழவர் தன் விசைப்படகைத் தருவதாகச் செய்தி கொண்டுவந்தான். வெல்டா சிரித்தே விட்டாள்.

“ஏரிய நான் ஒடச்சாச்சு, இப்ப படகத் தர்றானா? அத வச்சு நான் சேத்துல ஏரு ஓட்டவா?”

“நல்ல படகுக்கா. கொட்டகைக்குள்ளாற கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. மேல தூசிகூட இல்ல. பக்கத்துல சாக்கப் போட்டு மூடி ஏதோ செவப்பா ஒரு சாமான், அதுலதான் முட்டிய இடிச்சுக்கிட்டேன்.”

வெல்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என்ன சாமான்?”

“இரும்பு. குடம் மாதிரி வாயி. பக்கத்துல கைப்பிடி.”

“வாயில ஒரு நசுங்கல் இருந்துச்சா? எடது பக்கம்.”

எல்வுட் அவளை நிமிர்ந்து பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். அண்ணன் போன மறுமாதமே அணையில் புதுச் சங்கு மாட்டிவிட்டார்கள். பழையதை உருக்கிவிட்டதாகத்தான் சொன்னார்கள். அதன் நசுங்கலை ஆற்றோரத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் அறியும். அண்ணன் பத்து வயதில் கவண்கல் விட்டு நசுக்கியது அது.

“இதான் நான் கேக்கற ஈடு,” என்றாள் வெல்டா. “அதத் தூக்கிக்கிட்டு அந்த ஆளு எங்க பாறைக்கு வரணும். அது ஏன் தன் கொட்டகையில கெடக்குதுன்னு தன் வாயால சொல்லணும். எழுத்து வேணாம், வக்கீல் வேணாம். வாய் வேணும்.”

“சரி. ஆனா சட்டம் தெரியும்ல? நீ வாங்கிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் நீ அதப்பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. பேப்பர்க்காரன் வந்து கேட்டாலும் சரி, கேஸ் போடலாம்னு எவனாவது சொன்னாலும் சரி. அவரே வந்து பேசினாலும் பேச்ச மாத்திடணும். மீறினா அப்புறம் குத்தவாளி நீதான்.”

“தெரியும்.”

“நல்லா யோசிச்சுக்கோ. அவரு சொல்றதக் கேக்கப் போறது நானும் நீயும் மட்டும்தான்.”

“பாறையும் கேக்கும். போடா.”

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் படகுத்துறை நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. வெல்டா காத்திராமல் உடைத்தாள். கேரட் இரண்டு முறை வந்து, எண்ணெய் சூடாகிறது, இயந்திரத்துக்கு ஓய்வு கொடுங்கள் என்றான். “நாப்பது வருசம் காத்திருந்தாச்சு, இனி ஓய்வு கெடையாது,” என்றாள் அவள். ஒன்பதாம் நாள் சுவரின் கடைசித் துண்டு விழுந்தது. ஆறு ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. பிறகு தன் பழைய வழியை எடுத்துக்கொண்டது. கரைகளில் நின்றவர்கள் அழுதார்கள். வெல்டா அழவில்லை. அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை எல்வுடின் தோளில். தோட்டத்துத் தள்ளுவண்டியில் சங்கு இருந்தது. பாறையின் மேல் ஏறப் பத்து நிமிடம் பிடித்தது. வெல்டா கைகொடுக்கவில்லை.

ஸ்டோபி மூச்சு வாங்கி முடித்துவிட்டு ஆற்றைப் பார்த்தே பேசினார்.

“அன்னிக்குச் சங்கு அணையிலயே இல்ல. முந்தின நாள் ராத்திரிதான் கழட்டினேன். வீடு பக்கத்துலயே இருந்துச்சா, காலையில அது கத்துற கத்துக்கு எம் பொண்டாட்டி முழிச்சுக்குவா. அப்புறம் நாள் பூரா தலைவலி. குளிர்காலம் வந்தா மாட்டிடலாம்னு இருந்தேன். ஆத்துல யாரும் அவ்வளவா நிக்கறதில்லன்னு நெனச்சேன்.”

“நிக்கறதில்லயா?”

“நிப்பாங்கன்னு தெரியும்,” என்றார் கிழவர்.

“குடிச்சிருந்தான்னு எழுதினது?”

“நான்தான். யாரும் எழுதச் சொல்லல. அப்படி எழுதினா மேல கேக்க மாட்டாங்கன்னு தெரியும். அந்தப் பையன் குடிக்கறவனில்லன்னு எனக்குத் தெரியும். தூக்கும்போது நானும் ஒரு பக்கம் புடிச்சேன்.”

பொண்டாட்டியின் தூக்கம். வெல்டா இத்தனை ஆண்டுகளாக நிறுவனத்தின் சதி, மேலிடத்து உத்தரவு, அறுந்த கம்பி என்று எத்தனையோ காரணங்களை எண்ணி எண்ணித் தன் பகையை வளர்த்திருந்தாள். இவ்வளவு அற்பமான ஒன்றை அவள் எண்ணவே இல்லை. அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கையும் சற்று உயர்ந்தது. எல்வுட் அதைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியை இருவருக்கும் நடுவே உருட்டினான்.

“வாங்கிக்கறியா, அக்கா?” என்று முறைப்படி கேட்டான்.

அவள் சங்கின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். அறுபது ராத்தல் இருக்கும், இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வாங்கிக்கிட்டேன்.”

கிழவரின் முகம் தெளிந்தது. நாற்பத்துமூன்று ஆண்டுச் சுமையை இறக்கிவைத்தவர்போல் நிமிர்ந்தார். அந்தத் தெளிவை வெல்டா நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டி திறந்தது. ஏழு தலைப்பட்டைகளும் ஆடின. இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். செய்தித்தாள்காரப் பெண் ஒருத்தி, உங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, வெல்டா ஓக் கொட்டைக் கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, உப்பு போடாமல் குடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டம் முடிந்த வாரம் வெல்டா சங்கைக் கழற்றித் துருவைச் சுரண்டினாள். உள்ளே இருந்த எலிக்கூட்டை எடுத்தாள். புது விசை, புது மின்கலம். நசுங்கலை மட்டும் நிமிர்த்தவில்லை. சிவப்புச் சாயம் இரண்டு பூச்சு. தன் குடும்பத்து நிலத்தில், மீன்பாறைக்கு மேலே, இருபதடி இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் சங்கை மாட்டினாள். அதன் வாய் ஸ்டோபியின் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக இருந்தது. அணை போய்விட்டதால் இடையில் மறைப்பு ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. ஆறு நாற்பதுக்குக் கிழவர் சன்னலில் நின்றார். வெல்டா கம்பத்தின் அடியில் காப்பி குடித்தாள். விசையைத் தொடவில்லை. ஏழு மணிக்குக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் விளக்கு ஆறுக்கே எரிந்தது; அந்த மாதக் கடைசியில் ஐந்துக்கு.

எல்வுட் ஒருநாள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“சட்டத்துல இதுக்கு எடம் இருக்கான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்க்கா. நீ எதுவும் பேசல. உன் எடம், உன் சாமான். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது.” தலையைச் சொறிந்தான். “ஒரு தடவையாவது ஊதுவியா?”

“எதப்பத்திடா பேசுற?” என்றாள் வெல்டா. “பனிமூட்டம் கலைஞ்சிடுச்சா பாரு.”

அக்டோபரில் சால்மன் வந்தது. நூறாண்டுகளாக மீன் தொடாத நீருக்கு வழி திறந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். வெல்டா அண்ணனின் கைவலையைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் நின்றாள். முதல் மீனைப் போக விட வேண்டும் என்பது வழக்கம். பின்னால் வருவனவற்றுக்கு அது வழி காட்டும். தோளகலம் இருந்த அந்தப் பெண்மீன் அணையிருந்த இடத்தில் கணமும் நிற்காமல் மேலே ஏறிப் போயிற்று. இரண்டாவதை வலையில் ஏந்தினாள்.

பகை தீர்ந்தவர்கள் முதல் மீனுணவைப் பகிர்ந்துகொள்வதும் வழக்கம். அவள் ஒரு துண்டைக் குச்சியில் செருகித் தணலில் சுட்டு, இலையில் மடித்து, எதிர்க்கரைக்கு எடுத்துச் சென்றாள். ஸ்டோபி இரண்டு மாதத்தில் பாதியாகியிருந்தார். கண்ணுக்குக் கீழே தோல் பைபோல் தொங்கியது.

“உட்காருங்க, ஐயா. சூடு இருக்கும்போதே சாப்பிடுங்க.”

இலையைப் பிரித்து அவள் வைத்த தட்டை அவர் தொடவில்லை. சன்னல் வழியே கம்பத்தைக் காட்டினார்.

“எப்பம்மா ஊதப் போற? ஊதிடு. ஒரு தடவ ஊதிட்டா நான் தூங்கிடுவேன். நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே.”

வெல்டா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தாள். சட்டத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை. மீன் துண்டைப் பிளந்து பெரிய முள்ளை நீக்கி, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இந்த வருசம் மீன் நல்ல கொழுப்பு, ஐயா,” என்றாள். “முள்ளு பாத்துச் சாப்பிடுங்க.”

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீடு திரும்பினாள். மறுநாள் எதிர்க்கரையில் விளக்கு நான்கரைக்கே எரியத் தொடங்கியது. ஆறு நாற்பதுக்கு அவள் காப்பியோடு கம்பத்தடிக்கு வந்தாள். கீழே பாறையைச் சுற்றி மீன்கள் துள்ளும் ஓசை நன்றாகக் கேட்டது. வேறு ஓசை எதுவும் இல்லை.